ஊருக்குக் கிளம்பும்போது உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? தாத்தா பாட்டி வழி வந்த பயணச் சடங்குகள்

வடக்குவீதி:
மகன் அடுத்த மாதம் மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிறான். விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. இப்போது வீட்டில் நடக்கிற பேச்செல்லாம் வாசற்படியை எப்படித் தாண்டுவது என்பதைப் பற்றித்தான். மாமியார் வரிசையாகச் சொல்கிறார். மஞ்சள் துணியில் காசு முடிந்து குலதெய்வத்துக்கு எடுத்து வைக்க வேண்டும். ராகுகாலம் கூடாது. சூலம் பார்க்க வேண்டும். அவன் கிளம்பிய பிறகு வீட்டைப் பெருக்கக் கூடாது, அன்றைக்கு யாரும் தலைக்குக் குளிக்கக் கூடாது, பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது.

என் பிறந்த வீட்டில் இதில் பாதி கிடையாது. அங்கே நிறைகுடம்தான். அப்பா வெளியூர் கிளம்பும்போதெல்லாம் குடத்தில் தண்ணீரோடு தெருமுனையில் போய் நிற்பது என் வேலை. அப்பா படியிறங்கியதும் அம்மா கை காட்டுவாள், நான் எதேச்சையாக வருகிற மாதிரி எதிரே நடந்து வர வேண்டும்.

கேலி செய்வதற்காகக் கேட்கவில்லை. உங்கள் வீடுகளில் என்ன வழக்கம், இன்னும் செய்கிறீர்களா? கும்பகோணத்திலிருந்து காரில் சென்னை போய் அங்கிருந்து விமானம். சூலத்துக்கு எந்தத் திசையைக் கணக்கில் எடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எட்டாம்நம்பர்பஸ்:
செட்டப் சகுனம்! குடம் தூக்கிய சம்பளம் கொடுத்தார்களா?

வடக்குவீதி:
திரும்பி வரும்போது மாயவரத்திலிருந்து பால்கோவா வரும். நல்ல சம்பளம்தான்.

திண்ணைக்கணக்கு:
சூலத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தினசரி காலண்டர் தாளின் அடியிலேயே போட்டிருக்கும். திங்கள், சனி கிழக்கு. செவ்வாய், புதன் வடக்கு. வியாழன் தெற்கு. வெள்ளி, ஞாயிறு மேற்கு. அந்தந்த நாளில் அந்தத் திசை நோக்கிப் புறப்படக் கூடாது என்பது வழக்கம். தவிர்க்க முடியாவிட்டால் பரிகாரமும் அங்கேயே இருக்கும்: கிழக்குக்குத் தயிர், வடக்குக்குப் பால், மேற்குக்கு வெல்லம், தெற்குக்குத் தைலம். முதல் மூன்றையும் வாயில் கொஞ்சம் போட்டுக்கொண்டு கிளம்பலாம். வியாழக்கிழமை தெற்கே போகிறவனுக்குத்தான் எண்ணெய். எங்கள் வீட்டில் நல்லெண்ணெயை ஒரு சொட்டு தலையில் வைத்து அனுப்பிவிடுவார்கள்.

எந்தத் திசை என்பதில் எங்கள் தாத்தா கறாராக இருந்தார். வீட்டிலிருந்து முதலில் போகும் ஊர் எங்கே இருக்கிறதோ அதுதான் திசை, அதற்கப்புறம் நடப்பது ரயில்வேக்காரன் பொறுப்பு என்பார். அந்தக் கணக்கில் உங்களுக்குச் சென்னை, அதாவது வடக்கு. செவ்வாய், புதன் என்றால் பால் கொடுத்து அனுப்புங்கள். ஆனால் புதன்கிழமைக்குத் தனி மவுசு உண்டு. 'பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது' என்று சொல்லியே அதை அனுமதித்துவிடுவார்கள். கெடுக்க ஒரு விதி என்றால் காப்பாற்ற ஒரு பழமொழி.

ராகுகாலத்துக்கு என் அத்தை சொல்லிக்கொடுத்த வரி: 'திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா?' திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. காலை 7.30-இல் ஆரம்பித்து இந்த வரிசையில் ஒன்றரை மணி ஒன்றரை மணியாக ஏற்றிக்கொண்டே போனால் ஞாயிறு மாலை 4.30-இல் வந்து நிற்கும். காலண்டரே தேவையில்லை.

குளிர்தேசத்தான்:
அந்த ஒன்றரை மணி காலை 6-க்குச் சூரியன் உதித்து மாலை 6-க்கு மறையும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. பகல் பொழுதை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கு. நான் இருப்பது லண்டனில். டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட முழுதாக இல்லை, அதனால் ராகுவுக்கும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவுதான். ஜூனில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். எங்கள் வீட்டில் அம்மா மட்டும் சென்னை நேரத்துக்குப் பார்த்து வாட்ஸப்பில் அனுப்புவார். இங்கே இருக்கிற மாமா லண்டன் சூரியனுக்குக் கணக்குப் போடுவார். இரண்டு பேர் சொல்வதையும் கேட்டால் கிறிஸ்துமஸ் லீவில் எங்கேயும் கிளம்ப முடியாது.

எட்டாம்நம்பர்பஸ்:
என் கேள்வி ஒன்றுதான். விமானத்தில் முந்நூறு பேர். ஒருத்தர் நல்ல நேரத்தில் கிளம்பி வந்தவர், பக்கத்து சீட்காரர் ராகுகாலத்தில் கிளம்பியவர். பைலட் யாருடைய நேரத்தை எடுத்துக்கொள்வார்?

அக்ரஹாரத்துப்பூனை:
அதற்கெல்லாம் அந்தக் காலத்திலேயே வழி வைத்திருந்தார்கள் சார். எங்கள் வீட்டில் அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். ஆள் கிளம்ப வேண்டிய நேரம் சரியில்லை, ஆனால் அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரம் இருக்கிறது என்றால், போட்டுக்கொள்ளப் போகிற சட்டையோ பெட்டியோ நல்ல நேரத்தில் வீட்டை விட்டு வெளியேறிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். பயணம் ஆரம்பித்தாயிற்று என்று கணக்கு. ஆள் அப்புறம் எப்போது வேண்டுமானாலும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். எதிர்வீட்டு மாமி வீட்டுக் கூடத்தில் எங்கள் டிரங்குப் பெட்டி ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும்.

இது அக்ரஹாரத்தில் முளைத்த தந்திரம் என்றுதான் நினைத்திருந்தேன். தமிழாசிரியராக இருந்த பெரியப்பாதான் இதன் வயசைச் சொன்னார். கோட்டையை முற்றுகையிடக் கிளம்பும் அரசன் நல்ல நாள் பார்த்துத் தன் குடையையும் வாளையும் முன்னால் அனுப்பி வைப்பதைத் தொல்காப்பியத்தின் புறத்திணையியல் 'குடையும் வாளும் நாள்கோள்' என்று ஒரு துறையாகவே சொல்கிறது. அரசனுக்குக் குடை, எங்களுக்கு டிரங்குப் பெட்டி.

குடம் தூக்கிய அக்காவுக்கும் பழைய சொந்தக்காரர்கள் உண்டு. முல்லைப்பாட்டில் வயதான பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் தூவி ஊர்ப்புறத்தில் போய் நிற்கிறார்கள், போருக்குப் போனவன் நல்லபடி திரும்புவானா என்று நல்வாக்குக் கேட்க. அங்கே ஓர் ஆயர்மகள் கன்றுக்குட்டியிடம் உன் அம்மா இப்போது வந்துவிடுவாள் என்று தேற்றிக்கொண்டிருக்கிறாள். அதையே நல்வாக்காக எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். அந்தப் பெண்ணை யாரும் கை காட்டி நடக்கச் சொல்லவில்லை, அதுதான் வித்தியாசம்.

சங்ககிரிபத்துச்சக்கரம்:
நல்ல இழை. அப்பா லாரி டிரைவர், வடக்கே நாசிக், இந்தூர் வரை போய் வந்தவர். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு லாரி, இல்லாவிட்டால் லாரியில் வேலை பார்க்கும் ஒருவர் இருப்பார். அதனால் சடங்கெல்லாம் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை.

லோடு ஏறியதும் அம்மா எலுமிச்சம்பழத்தில் குங்குமம் தடவி நான்கு பக்கமும் டயருக்கு அடியில் வைப்பாள். சூடம் ஏற்றித் தேங்காய் சுற்றுவார்கள். அப்பா தட்டோடு வண்டியை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வருவார். இதைச் சின்ன வயதில் பக்தி என்று நினைத்தேன். கூடப் போக ஆரம்பித்த பிறகுதான் கவனித்தேன், அந்தச் சுற்றில் அவர் கண் தட்டில் இருக்காது. ஆயில் ஒழுகுகிறதா, தார்ப்பாய்க் கயிறு தளர்ந்திருக்கிறதா, பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவார். அடுத்த சுற்று இரும்புக் கம்பியோடு. ஒவ்வொரு டயராகத் தட்டி சத்தத்தை வைத்தே காற்றைச் சொல்லிவிடுவார். அப்புறம் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முதல் கியர். எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் அம்மா உள்ளே போவாள்.

நான் லாரிக்குப் போகவில்லை, கார்தான் வைத்திருக்கிறேன். எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டேன், சுற்றுவதை விடவில்லை. அது போன மாதம்கூட ஒரு டயரில் ஆணியைக் காட்டிக்கொடுத்தது.

ஒன்று மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஆயுதபூஜைக்கு நடுரோட்டில் பூசணிக்காய் உடைக்காதீர்கள். போலீஸ் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறது, ஒவ்வொரு வருஷமும் பைக்காரர்கள் வழுக்கி விழுகிறார்கள். உங்கள் திருஷ்டியைக் கழித்து அடுத்தவன் முட்டியை உடைக்கிற வேலை அது.

மெட்ராஸ்மாமா:
வண்டி என்றால் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரனைச் சொல்லாமல் விடுவதா? சென்னையில் புது வண்டி எடுத்தால் பாதிப் பேர் முதலில் ஓட்டிப் போவது அங்கேதான். சைக்கிளிலிருந்து பஸ் வரை வரிசையில் நிற்கும். சுருட்டுப் படைப்பார்கள். என் அப்பா தன் முதல் ஸ்கூட்டரைக் கொண்டுபோனார், நான் காரை, என் மகள் மின்சார ஸ்கூட்டரை. பூசாரி ஹேண்டில்பாருக்கு மாலை போட்டுவிட்டு 'ஸ்டார்ட் பண்ணும்மா' என்றார். இவள் பண்ணினாள், சத்தமே வரவில்லை. அவர் வண்டி ரிப்பேர் என்று நினைத்துவிட்டார்.

கச்சான்சரை:
இலங்கையிலிருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியால் போய் வருகிற எல்லாருக்கும் தெரிந்தது முறிகண்டிப் பிள்ளையார். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் வீதியோரத்தில் இருக்கிற சின்னக் கோயில். அந்த வழியால் போகிற பஸ், லொறி, வான் எல்லாம் அங்கே நிற்கும். இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, உண்டியலில் காசு போட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். நிறுத்தாமல் போனால் வழியில் ஏதாவது பிசகும் என்று நம்பிக்கை. சிங்களச் சாரதிகளும் நிறுத்துவார்கள். அவர்களுக்கும் இது புதிதில்லை, தெற்கே களுத்துறைப் போதியடியில், அதாவது பௌத்தர்கள் கும்பிடும் அரசமரத்தடியில், வாகனத்தை மெதுவாக்கி உண்டியலில் சில்லறை போட்டுவிட்டுப் போகிறவர்கள்தானே.

எங்கள் அப்பப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவர். ஒவ்வொரு முறையும் முறிகண்டியில் தேங்காய், அப்புறம் ஒரு சரை கச்சான், அதாவது ஒரு பொட்டலம் வேர்க்கடலை. கச்சான் இல்லாமல் முறிகண்டி இல்லை, கோயிலைச் சுற்றி வரிசையாகக் கச்சான் கடைகள். பிள்ளைகள் எங்களுக்கு அதுதான் கோயில். யுத்த காலத்தில் வீதி மூடிக் கிடந்தது. 2002 சமாதான காலத்தில் திறந்தார்கள், 2006 ஆகஸ்டில் திரும்பவும் மூடினார்கள். அந்தக் காலத்தில் அப்பா விமானத்தில்தான் பலாலி போய் வந்தார். ஒவ்வொரு தரமும் அப்பம்மா ஒரு தேங்காயை எடுத்து வைத்து, 'இது முறிகண்டியானுக்கு' என்று சொல்லிச் சாமியறையில் அடுக்கிவிடுவா. காய்ந்து போனதைச் சமைக்கவும் விடமாட்டா. பாதை திறந்ததும் முதல் பயணத்தில் அவ்வளவு கடனையும் ஒரேயடியாகக் கட்டியே ஆகவேண்டும் என்று நின்றா. கோயிலடியில் இறக்கி உடைக்க உடைக்க பஸ்சில் இருந்தவர்களும் இறங்கி வந்து கை கொடுத்தார்கள்.

இப்போது சொகுசு பஸ்கள் இரவில் ஓடுகின்றன. முறிகண்டி வரும்போது பாதிப் பேர் நித்திரை. ஆனாலும் சாரதி நிறுத்துவார்.

கப்பல்வீட்டுப்பேரன்:
மேலே மஞ்சள் துணிக் காசு பற்றி வந்தது. எங்கள் வீட்டிலும் உண்டு, ஆனால் கையில். ஆம்பூரில் பாட்டி வீட்டில் அதற்கு இமாம் ஜாமின் என்பார்கள். பயணம் போகிறவரின் வலது கை மேல்பக்கத்தில் துணியில் ஒரு காசு முடிந்து கட்டுவார்கள். நல்லபடி போய்ச் சேர்ந்ததும் அவிழ்த்து அந்தக் காசை ஏழை ஒருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். தாத்தா பக்கம் நாகூர். அவர்கள் கட்டுவதில்லை, தர்காவில் பாத்திஹா ஓதிவிட்டுக் கப்பல் ஏறுவார்கள். ஷாகுல் ஹமீது ஆண்டகை ஓட்டை விழுந்த கப்பலை இருந்த இடத்திலிருந்தே கண்ணாடியை எறிந்து அடைத்துக் காப்பாற்றினார் என்ற கதையைக் கடலோரத்தில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் கேட்டு வளர்ந்தவர்கள்தான். சிங்கப்பூருக்குப் போனவர்கள் 1828-30 வாக்கில் தெலுக் ஆயர் தெருவிலேயே ஒரு நாகூர் தர்காவைக் கட்டிவிட்டார்கள். அப்போது அந்தத் தெரு கடற்கரையை ஒட்டி இருந்தது. கிளம்பும்போது ஓதியவர்கள் இறங்கியதும் நன்றி சொல்ல அங்கேயே ஓர் இடம்.

எங்கள் வீட்டில் என் தலைமுறையில் இரண்டையும் பற்றி வாக்குவாதம் உண்டு, மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்று தம்பி சொல்வான். பயண துஆ மட்டும் ஓதிவிட்டுக் கிளம்புவான். பாட்டி காசைக் கட்டாமல் அவன் சட்டைப் பையில் போட்டு, 'போய் இறங்கினதும் தர்மம் பண்ணிடு' என்பார். தர்மத்தை அவனால் மறுக்க முடியாது.

பனிப்பூட்ஸ்:
மருத்துவம் படிக்க ரஷ்யா போனபோது இதையெல்லாம் விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்தேன். லீவுக்கு ஊருக்குக் கிளம்பிய அன்று, ஹாஸ்டலில் கூட இருந்த ரஷ்யத் தோழி பெட்டியை எடுக்க விடவில்லை. 'உட்கார்' என்றாள். எல்லோரும் கோட்டு பூட்ஸோடு பெட்டி மேலும் கட்டில் மேலும் பேசாமல் ஒரு நிமிஷம் உட்கார்ந்தோம். அப்புறம் எழுந்து போ என்றாள். அங்கே நெடும்பயணத்துக்கு முன்னால் எல்லா வீட்டிலும் உண்டாம். மறந்ததை எடுக்கத் திரும்பி வந்தால் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டுப் போக வேண்டும். எங்கள் ஊரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும் என்பார்களே, அதே இடத்தில் அவர்களுக்குக் கண்ணாடி. ஆள் கிளம்பியதும் வீட்டைப் பெருக்கக் கூடாது என்பதை அவள் சொன்னபோதுதான் சிரித்துவிட்டேன். எங்கள் ஆச்சி திருநெல்வேலியைத் தாண்டியதே இல்லை.

அந்த ஒரு நிமிஷ உட்காரலில்தான் பாஸ்போர்ட் மேஜை மேல் இருப்பது எனக்குத் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பின்கட்டு:
எல்லாம் இனிப்பாகப் போய்க்கொண்டிருக்கிறது. கசப்பு ஒன்றையும் போட வேண்டும்.

நிறைகுடம் எதிரே வருவது நல்ல சகுனம் என்றால், வரக் கூடாதவர்கள் என்று ஒரு வரிசையும் அதே பாட்டி வாயிலிருந்து வந்திருக்குமே. எங்கள் அத்தை இருபத்தாறு வயதில் கணவரை இழந்து எங்களோடு வந்து இருந்தார். வீட்டில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் அவருக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் வழிக்குக் கட்டுகிற புளியோதரையைக் கிண்டுவது அவர்தான். கட்டி முடித்ததும் பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். யாரும் போகச் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியம் வந்ததே இல்லை. கார் சத்தம் தேய்ந்த பிறகுதான் வெளியே வருவார். எங்களில் யாருக்குமே அவர் கையசைத்து வழியனுப்பியது கிடையாது.

அண்ணன் முதல்முறை துபாய்க்குக் கிளம்பியபோது அவனேதான் மாற்றினான். எல்லோரும் வாசலில் நிற்கும்போது பெட்டியை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, 'விபூதி வச்சு விடு அத்தே' என்றான். அவர் வரமாட்டேன் என்றார். பாட்டி கூடத்திலிருந்து சத்தம் போட்டார். விமானத்துக்கு நேரமாகிறது என்று அப்பா பதறினார். இவன் நகரவில்லை. கடைசியில் அத்தை கதவைத் திறந்து அங்கேயே, அந்த இருட்டு நடையிலேயே வைத்துவிட்டார். அவன் நல்லபடியாகத்தான் போய்ச் சேர்ந்தான், பல வருஷம் இருந்துவிட்டுத்தான் வந்தான். அவன் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அத்தைதான் விபூதி. பாட்டி கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை, அந்த நேரத்தில் பூஜையறையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வார்.

என் கட்சி இதுதான். தயிர் சாப்பிடு, காசு முடி, உட்கார்ந்து எழு, வண்டியைச் சுற்றி வா... கிளம்புகிறவன் ஏதோ ஒன்றைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். யாருக்கும் நஷ்டமில்லை, வைத்துக்கொள்ளலாம். எதிரே வருகிற ஆளைப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிற சகுனம் எதுவாக இருந்தாலும், அதில் நம் பயணத்துக்குப் பழி சுமப்பது வேறொருவர். அதைப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

திண்ணைக்கணக்கு:
சொல்வது புரிகிறது. ஆனால் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதும் நிற்காது. நம்பிக்கை என்பது மொத்தமாக வருவது. வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டால் அது வெறும் விளையாட்டாகிவிடாதா?

பின்கட்டு:
பெட்டியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி நேரத்தையே ஏமாற்றியவர்கள், கூலிக்குக் குடம் நடக்கவிட்டவர்கள் நம் தாத்தா பாட்டிகள். பொறுக்குவதில் அவர்களைவிட யார் கெட்டிக்காரர்கள்? தங்களுக்குச் சிரமம் வந்த இடத்திலெல்லாம் வழி கண்டுபிடித்தார்கள். அத்தைக்கு மட்டும்தான் யாரும் பரிகாரம் எழுதி வைக்கவில்லை.

அக்ரஹாரத்துப்பூனை:
இதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு பின்கட்டு இருந்தது. பூனை குறுக்கே போனால் என்ன என்று இந்தப் பெயரை வைத்துக்கொண்டு கேட்கலாம் என்றிருந்தேன், விட்டுவிடுகிறேன்.

எட்டாம்நம்பர்பஸ்:
நான் எதையும் நம்பாதவன், ஆனாலும் காவிரிப் பாலத்தில் ரயில் போகும்போது காசு எறிந்துவிடுவேன். அம்மா எறிவார், கை பழகிவிட்டது. அந்தக் காலத்தில் செப்புக் காசு தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று ஒரு விளக்கம் சுற்றுகிறதே, அதை மட்டும் இங்கே யாரும் போடாதீர்கள். இப்போது நாம் எறிகிற ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு. அது ஆற்றுக்கு எதையும் செய்யாது. நான் எறிவது அம்மாவுக்காக, ஆற்றுக்காக இல்லை.

சங்ககிரிபத்துச்சக்கரம்:
ஜன்னல் கம்பியில் பட்டு எனக்கே திரும்பி வந்திருக்கிறது. ஏசி கோச்சில் வழியே இல்லை.

வடக்குவீதி:
எல்லோருக்கும் நன்றி. பின்கட்டு அவர்களின் பதிவை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவன் கிளம்புகிற அன்றைக்குப் பெரிய நாத்தனாரை முதல்நாளே வரச் சொல்லிவிடு என்றார். எங்கள் நாத்தனாரும் கணவரை இழந்தவர்தான், இதுவரை எல்லா வழியனுப்பலுக்கும் மறுநாள்தான் வருவார். இதை ஒரு சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன்.

புதன்கிழமை காலை கிளம்புகிறான், அதனால் பால். நிறைகுடத்துக்கு ஆள் இல்லை, அப்பார்ட்மெண்டில் தெருமுனையும் இல்லை, அதை விட்டாயிற்று. இன்னும் இரண்டு சந்தேகம். மஞ்சள் துணி முடிச்சை அவனிடம் கொடுத்து அனுப்புவதா, வீட்டில் வைப்பதா? இரண்டு வருஷம் கழித்துத்தான் வருவான். அப்புறம், விபூதி கொண்டுபோனால் விமான நிலையத்தில் கேட்பார்களா?

திண்ணைக்கணக்கு:
முடிச்சு வீட்டில்தான், சாமி படத்துக்குப் பின்னால். அவன் திரும்பி வந்து தன் கையாலேயே குலதெய்வம் உண்டியலில் போட வேண்டும். நடுவில் நீங்கள் கோயிலுக்குப் போனாலும் அதைத் தொடாதீர்கள், அவனுக்குக் கோயிலில் ஒரு பாக்கி இருந்துகொண்டே இருக்கட்டும். நோட்டாக வைக்காமல் நாணயமாக வையுங்கள், எங்கள் வீட்டில் ஒரு முடிச்சிலிருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டு 2016 நவம்பரில் செல்லாமல் போய்விட்டது.

குளிர்தேசத்தான்:
விபூதியைப் பெயரில்லாத பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கைப்பையில் வைக்காதீர்கள். வெள்ளைப் பொடி என்றால் நிறுத்திக் கேட்கலாம், பரிசோதனைக்கும் எடுத்துப் போகலாம். கோயில் பெயர் அச்சடித்த பொட்டலத்தைப் பிரிக்காமல் செக்-இன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிடுங்கள். குங்குமத்தை இன்னொரு கவரில் சுற்றுங்கள், கசிந்தால் சட்டையெல்லாம் போய்விடும்.